பிரம்புப் பெஞ்சின் அடிப்பக்கம்

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நாற்காலியைச் செய்தது யார்?

தெரியாது. வாங்கிய கடை தெரியும். ஏற்றி வந்த வண்டி தெரியும். பேரம் பேசிக் குறைத்ததை இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லத் தெரியும். செய்த கை மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சங்கடப்பட வேண்டாம். இந்தக் கதையில் வருகிறவள் நாற்காலி செய்தே பிழைக்கிறவள், அவளுக்கே அது தெரியாமல்தான் இருந்தது.

அவளை ஒட்டுக்காரி என்பார்கள். உடைந்ததை ஒட்டி விற்பதால் வந்த பெயர். ஆரம்பத்தில் கேலிக்குத்தான் சொன்னார்கள். பிறகு கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. மின்சார ரசீதில் இருக்கும் பெயர் தபால்காரர் ஒருவருக்குத்தான் ஞாபகம்.

வயல்களுக்கு நடுவே போகிற தார்ச்சாலை ஓர் இடத்தில் முழங்கை மாதிரி வளைகிறது. அந்த வளைவில், ஒரு காலத்தில் டிராக்டர் நின்ற தகரக் கொட்டகைதான் அவள் கடை. உள்ளே போனால் முதலில் மரத்தூள் வாசனை, அடுத்து பசை வாசனை. கண் பழகியதும் பொருட்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். தையல் மிஷின் காலில் நிற்கும் மேஜை, சைக்கிள் சக்கர வளையத்துக்குள் பதித்த கண்ணாடி, மூடி இல்லாத டிரங்குப் பெட்டிக்கு மெத்தை தைத்த இருக்கை, பாட்டு வராத ரேடியோவுக்குள் அடுக்கிய புத்தகங்கள். எதுவும் தன் பழைய வேலையைச் செய்வதில்லை. ஆனால் எதுவும் சும்மா இருப்பதும் இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் தச்சுப் பென்சிலால் உண்மையை எழுதிவிடுவாள். "முன்கால் இரண்டும் புதியவை. சாய்மானம் வேறு மரம். இடப்பக்கம் விரிசல் இருந்தது, ஒட்டியிருக்கிறது." அதற்குக் கீழே, "செய்தது: ஒட்டுக்காரி." சிலர் கவிழ்த்துப் படித்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"படிச்சுட்டு ஓடுறவன் ஓடட்டும். வாங்கிட்டுப் போயி அப்புறமா படிச்சு நம்மள திட்டுறதுக்கு அது தேவல" என்பாள்.

அவளுடைய கர்வம் முழுவதும் அந்த அடிப்பக்கத்தில்தான் இருந்தது. நாணயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பில் பெரிய தவறும் இல்லை, எதிர்ச்சாரியில் ஓரகத்தி கடை போடும் வரைக்கும்.

ஓரகத்தி என்றால் கொழுந்தன் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் சும்மா இருக்கிறாளே என்று கடைக்கு அழைத்துப் போனாள் ஒட்டுக்காரி. வந்தவள் பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அறுந்த நாற்காலி ஒன்றைப் பிரித்துப் பிரித்து, திரும்பப் பின்னிப் பின்னித் தானே பிடித்துக்கொண்டாள். ஐந்து வருடம் கொட்டகையின் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் நாரை ஊறவைத்துப் பின்னினாள். கூலி வாரம் தவறாமல் போனது. ஒரே ஒரு குறை, எந்த இருக்கையிலும் வலது பின்மூலையில் ஒரு நார் மட்டும் தடம் மாறிப் போயிருக்கும். மேலே வரவேண்டிய இடத்தில் கீழே புகுந்து, இரண்டு தரம் மறைந்து வரும்.

"எப்பப் பாரு அதே மூலைல அதே தப்பு! கண்ணை எங்கதான் வச்சிருக்க?" என்று ஒட்டுக்காரி கத்துவாள்.

"சரிக்கா" என்பாள் அவள். அடுத்த நாற்காலியிலும் அது இருக்கும்.

ஒருநாள் சண்டையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் நின்றுவிட்டாள். மூன்று மாதம் கழித்து, இருநூறு அடி தள்ளி எதிர்ப்பக்கம் இருந்த பழைய உர குடோனில் வெள்ளையடித்து, வாசலில் செடித்தொட்டி வைத்துக் கடை திறந்தாள்.

அன்றிலிருந்து ஒட்டுக்காரிக்கு வயிற்றில் அடுப்பு வைத்த மாதிரிதான். அங்கே கார் நின்றால் இவளுக்கு உளி வழுக்கும். அங்கே யாராவது சிரித்தால் இவளுக்குப் பசை காயாது. இரண்டு வருடத்தில் அவள் ஜன்னலைத் துடைத்த அளவுக்கு அதற்கு முந்திய பத்து வருடத்தில் துடைத்ததில்லை. அந்த ஜன்னல் வழியாக எதிர்க்கடை நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட அவளை வாட்டியது பழைய இரும்பு வண்டிக்காரர் விஷயம். பன்னிரண்டு வருடமாக அவருடைய வண்டி முதலில் நிற்பது இவள் வாசலில்தான். வண்டியில் இருப்பதை முதலில் பார்க்கும் உரிமை இந்தத் தொழிலில் பாதி மூலதனம். நல்லதை எடுத்துக்கொண்டு மீதியை எடைக்கு விட்டுவிடலாம். இப்போது அவர் எதிர்க்கடையில் வண்டியை நிறுத்தி, நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் சாலையைக் கடந்தார்.

"என்னண்ணே, அங்க கழிச்சுப் போட்டதைத்தான் எனக்குக் கொண்டு வர்றீங்களா?"

"அப்பிடி இல்லம்மா. அது 'வாங்கண்ணே, உக்காருங்கண்ணே'ன்னு சொல்லுது. நீ வண்டியத்தான் பாக்குற, என்னைப் பாக்குறதில்ல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓரகத்தியின் வியாபாரம் வேறு மாதிரி. அங்கே பொருளின் அடியில் ஒன்றும் இருக்காது. மேலே ஒரு பழுப்பு அட்டை தொங்கும், அதில் ஒரு கதை இருக்கும். "பிரிந்துபோன காதலர்கள் கடிதம் வைத்திருந்த பெட்டி." "கடல் கடந்து வந்த கேப்டனின் கடிகாரம்." கேப்டனுக்குப் பெயர் கிடையாது, கப்பலுக்கும் கிடையாது. அதே கடிகாரத்தை மூடிப்போன கூட்டுறவு அலுவலகச் சுவரிலிருந்து கழற்றியது வண்டிக்காரருக்குத் தெரியும். ஆனால் வருகிறவர்கள் அட்டையைப் படித்து, "ஆஹா" என்று நெஞ்சில் கை வைத்து, காசை எடுத்தார்கள். கேள்வி கேட்கும் மூளையை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்கு வருகிற மனிதர்கள் இருக்கும்வரை கேப்டன்களுக்குப் பஞ்சமில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பெஞ்சு வந்தது.

ஒரு திங்கட்கிழமை மதியம் ஓரகத்தியின் வாசலில், செடித்தொட்டிகளுக்கு நடுவே நின்றது. இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. கருத்த மரம், கடைந்த கால்கள், அடுக்கடுக்காகச் சட்டம் வைத்த சாய்மானம், தேன் நிறத்தில் பிரம்பு இருக்கை. ஒட்டுக்காரி ஜன்னலில் நின்று பார்த்தாள். கையிலிருந்த உப்புத்தாள் தன்பாட்டுக்குக் கீழே விழுந்தது. கால் எவ்வளவு அகலத்துக்கு விரிய வேண்டுமோ அவ்வளவு விரிந்திருந்தது. சாய்மானம் முதுகுக்கு எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைந்திருந்தது. இப்படி ஒரு பொருள் தன் கொட்டகைக்கு ஏன் வரவில்லை? அவளுக்கு எப்படி வந்தது?

"அப்பிடியே விழுங்கிறாத, மரம் செரிக்காது" என்றான் புருஷன். லாரி மெக்கானிக். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் கையில் கிரீஸோடு பின்னால் நின்றிருந்தான்.

"அந்தக் காலைப் பாருங்க. அந்தக் காலத்து ஆளுங்க வேலைன்னா வேலைதான். இப்ப யாருக்கு வரும் அந்தக் கை?"

"உனக்கு வராதா?"

"போங்க. நான் என்ன, ஒட்டுறவதானே."

அன்று பிற்பகல் நூலகர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து, யாரிடமும் கைநீட்டாமல் ஒரு நூலகம் கட்டி முடித்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வேகமாகப் பேசுவார். நாற்பது நாற்காலி வேண்டும், பழைய மரத்தில், நீண்ட நேரம் உட்கார்ந்து படிக்கிற மாதிரி. ஒட்டுக்காரியின் நாற்காலி ஒன்றைக் கவிழ்த்து அடியில் எழுதியிருந்ததைப் படித்து, "இது நல்லாருக்கே" என்றார். வெளியே போனவர் எதிரே பெஞ்சைப் பார்த்தார். அவ்வளவுதான், சாலையைக் கடந்துவிட்டார். அரைமணி கழித்துத் திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்தபடியே சொன்னார்.

"அந்தப் பெஞ்சு மாதிரியே நாற்பது பண்ணித் தர முடியும்னு அவங்க சொல்றாங்க. சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து முடிவு சொல்றேன்."

நாற்பது நாற்காலி என்றால் ஒரு வருட வேலை. அது போனால் கொட்டகையைக் காலி செய்துவிட்டு டவுனில் எவன் பட்டறையிலாவது பலகை இழைக்கப் போகவேண்டியதுதான். அது ஒட்டுக்காரிக்குத் தெரியும். ஆனால் உள்ளபடி சொன்னால், அவளைச் சுட்டது அதுகூட இல்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் புத்தகத்தை விரித்து உட்காரப்போவது ஒரு பொய்க்காரியின் நாற்காலியிலா?

வியாழக்கிழமை மதியம் ஓரகத்தி வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து ஒட்டுக்காரி சாலையைக் கடந்தாள். கடையில் கொழுந்தன் மட்டும், கேப்டன் கடிகாரத்தின் கீழே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பெஞ்சில் அட்டை தொங்கியது. "நூற்றைம்பது ஆண்டுப் பழமை. மாளிகைத் தோட்டத்தில் மூன்று தலைமுறைச் சீமாட்டிகள் மாலை வேளைகளில் அமர்ந்தது."

உட்கார்ந்தவர்கள் கணக்கு மூன்று தலைமுறைக்கு இருக்கிறது. செய்தவன் ஒருவனுக்கு அரை வரி இல்லை. ஒட்டுக்காரிக்கு அது உறைத்தது. நியாயமான கோபம்தான். தனக்கும் சேர்த்து உறைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

செய்தவன் அடையாளம் ஏதாவது இருக்குமா என்று பெஞ்சுக்கு அடியில் படுத்து உள்ளே நகர்ந்தாள். சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, மேலே கருப்பு பாலிஷ் ஏற்றியிருந்தது. தேய்த்த பரப்பு அவள் விரலுக்குத் தெரிந்தது. இடுப்பில் செருகியிருந்த துணியை நனைத்துத் துடைத்தாள். பாலிஷ் மேலோட்டமாகத்தான் இருந்தது, வந்துவிட்டது. கன்னத்தைத் தரையில் வைத்து, வாசல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்தாள். பென்சில் கரி போயிருந்தது. ஆனால் அழுத்தி எழுதிய கோட்டின் பள்ளம் போகவில்லை.

"கால் நான்கும் உடைந்த கட்டிலிலிருந்து. சாய்மானம் ஜன்னல் கதவு. வலப்பக்கச் சட்டம் புதியது. செய்தது: ஒட்டுக்காரி."

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தையல்காரருக்குச் செய்து கொடுத்தது. கால்சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருந்த பெஞ்சு. சீமாட்டியாவது, மாளிகையாவது! நான்கு நாளாக அவள் வெந்து கிடந்தது தன் கையையே நினைத்து.

"அண்ணி?" கொழுந்தன் விழித்துவிட்டான். "பெஞ்சுக்கு அடியில என்ன பண்றீங்க?"

"கம்மல் விழுந்துருச்சு."

"ரெண்டு காதுலயும் இருக்கே?"

"கெடச்சிருச்சுல்ல! தூங்குங்க."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் சோற்றை வாயில் வைத்தபடி சிரித்ததில் புரையேறிவிட்டது. "உன்னப் பாத்து நீயே வயிறெரிஞ்சிருக்க! ஊர்ல எவளுக்கும் வராத சீக்கு."

"சனிக்கிழமை பாருங்க."

"கூட்டத்துல வச்சு மானத்தை வாங்கப்போறியா? தனியா கூப்பிட்டுச் சொல்லலாம்ல?"

"பொய்யைக் கூட்டத்துல வச்சுத்தானே விக்கிறா?"

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுசோறு போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நூலகர் பெஞ்சின் முன்னால் நின்று, அட்டையை இன்னொரு முறை வாசித்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி பக்கத்தில். வண்டிக்காரர் டீ கிளாஸோடு நாற்காலியில். ஒட்டுக்காரி ஈரத்துணியோடு வந்தாள்.

"மேடம், அந்தச் சீமாட்டி எந்திரிச்சாச்சா? பெஞ்சைக் கொஞ்சம் கவுக்கணும்."

யாரும் தடுப்பதற்குள் கவிழ்த்தாள். துடைத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தாள். கட்டில் கால், ஜன்னல் கதவு, புதுச் சட்டம், செய்தது ஒட்டுக்காரி. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே.

நூலகர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு ஓரகத்தியைப் பார்த்தார். "என்னம்மா இது?"

ஓரகத்தி அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அட்டையைப் பிடுங்கிக் கையில் மடக்கிக்கொண்டாள்.

"பொய்தான் மேடம். வண்டிக்காரண்ணன் இதைக் கொண்டாந்தப்பவே எனக்குத் தெரியும், இது எங்க பெஞ்சுன்னு. அக்கா, நல்லா வாசிச்சீங்க. இன்னொரு தடவ வாசிங்க. பின்னல் யாருன்னு போட்டிருக்கா பாருங்க."

ஒட்டுக்காரி குனிந்து பார்த்தாள். கால் இருந்தது, சாய்மானம் இருந்தது, சட்டம் வரைக்கும் இருந்தது.

ஓரகத்தி மண்டி போட்டு, இருக்கையின் ஒரு மூலையில் விரலை வைத்தாள். தடம் மாறி, இரண்டு தரம் மறைந்து வரும் நார். "இது என்ன?"

"தப்பு. நீ எப்பவும் விடுற தப்பு."

"அஞ்சு வருசம் ஒரே எடத்துல ஒரே தப்பை விடுறதுக்கு நான் என்ன லூசாக்கா?" குரல் அப்போதுதான் உடைந்தது. "உங்ககிட்ட பென்சில் இருந்துச்சு, எழுதுனீங்க. எங்கிட்ட நார்தான் இருந்துச்சு."

வண்டிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ஒட்டுக்காரிக்கு வாயில் வந்தது "கூலி குடுத்தேன்ல?" என்பதுதான். வார்த்தை பாதி வெளியே வந்தும்விட்டது. நூலகர் திரும்பினார்.

"கூலி குடுத்துட்டா ஆள் இல்லாமப் போயிருவாங்களா? எங்க நூலகத்துல புத்தகத்துக்குக் காசு குடுத்துத்தான் வாங்குறோம். அதுக்காக எழுதுனவங்க பேரை நான் கிழிச்சா போடுறேன்?"

நான்கு நாளாகப் பெஞ்சின் காலைப் பார்த்தாள், சாய்மானத்தைப் பார்த்தாள். அந்தப் பின்னலை மட்டும் பார்த்திருந்தால் முதல் நொடியிலேயே பெஞ்சு எதுவென்று தெரிந்திருக்கும். தன் கொட்டகை ஜன்னலோரம் ஐந்து வருடம் அசைந்த விரல்கள் அவை. பார்க்கவே இல்லை. அடிப்பக்கத்தில் ஒரு பொய்கூட எழுதாதவள்தான். ஆனால் ஓர் ஆளையே எழுதாமல் விட்டிருந்தாள்.

"ஒருத்தர் இல்லாத சீமாட்டிய உக்கார வச்சிருக்கீங்க. இன்னொருத்தர் இருந்த ஆளை எழுப்பி விட்டிருக்கீங்க" என்றார் நூலகர். "எனக்கு இந்தப் பெஞ்சைப் பண்ணுன கை வேணும். அது ரெண்டு பேரோட கை. சேர்ந்து பண்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க. இல்லன்னா நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டுட்டு என் வேலையப் பாக்குறேன்."

பிளாஸ்டிக் என்ற சொல்லைக் கேட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தார்கள். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

ஒட்டுக்காரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். கவிழ்ந்து கிடந்த பெஞ்சின் சட்டத்தில், தன் பெயருக்குப் பக்கத்தில், "பின்னியது:" என்று எழுதினாள். பிறகு ஓரகத்தியின் பெயரை எழுதினாள். மூன்றே எழுத்து. ஐந்து வருடம் விட்டதற்கு இடமில்லை என்ற சாக்குகூடச் செல்லாது.

"ரெண்டாவது எழுத்துக்குக் கொம்பு போடணும்க்கா" என்றாள் ஓரகத்தி.

"தெரியும், கையை எடு."

இதற்குப் பிறகு இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று சொன்னால் அதுவும் ஒரு பழுப்பு அட்டைதான். இப்போதும் கடை இரண்டு. காலை வேளையில் கொட்டகையில் சேர்ந்து நாற்காலி செய்கிறார்கள், மதியத்துக்கு மேல் அவரவர் கடைக்குப் போய்விடுகிறார்கள். பொறாமை எங்கும் போகவில்லை. யார் பெயர் பெரிதாக விழுந்திருக்கிறது என்று ஒவ்வொரு நாற்காலிக்கும் தகராறு. ஓர் அடிமட்டத்தை வைத்து அளந்து எழுத வேண்டியிருக்கிறது. வண்டி இன்னமும் எதிர்க்கடையில்தான் முதலில் நிற்கிறது. ஒட்டுக்காரி ஒரு நாற்காலியும் டீ கிளாஸும் வாங்கி வைத்தாள். "டீல சக்கரை கம்மி" என்று சொல்லிவிட்டார் வண்டிக்காரர். ஆனால் அவர் கண்டெடுத்துக் கொண்டுவரும் மரத்துக்காக நாற்காலியின் அடிப்பக்கத்தில் அவர் பெயரும் மூன்றாவதாக ஏறிவிட்டது. எழுத்துக்கூட்டி அதை வாசித்துவிட்டு, "இதுக்கு எதுக்கும்மா" என்றார். மறுநாள் தன் பேத்தியைக் கூட்டிவந்து காட்டினார்.

ஓரகத்தி அட்டை எழுதுவதை விடவில்லை. கடைசியாகத் தொங்கவிட்டது இது: "கூட்டுறவு அலுவலகத்தில் முப்பது வருடம் பத்து நிமிடம் தாமதமாகவே ஓடிய கடிகாரம்." கேப்டன் பெயரில் விற்காமல் தொங்கிய கடிகாரம் அந்த வாரமே விற்றுப்போனது. ஒட்டுக்காரிக்கு அன்றைக்கும் வயிறு எரிந்தது.

நூலகத்தில் இப்போது இருபத்தாறு நாற்காலிகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. படிக்க வருகிற பிள்ளைகள் உட்காரும் முன்னால் கவிழ்த்துப் பார்க்கிறார்களாம். சத்தம் தாங்கவில்லை என்று நூலகர் அலுத்துக்கொள்கிறார்.

சத்தம் வரட்டும். நீங்களும் எழுந்திருங்கள். உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெயர் இல்லையென்றால், வாங்கின கடைக்குப் போய் இதைச் செய்தது யார் என்று கேளுங்கள். தெரியாது என்பார்கள். தெரிந்துகொண்டு சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும்வரை அடுத்த பொருளுக்குக் காசை எடுக்காதீர்கள்.